எத்தனை நாளில் போகும்?

அம்பத்தூர் எஸ்டேட் பேருந்து நிலையத்தை ஒட்டிய டீக்கடைகளில் காலை ஷிப்டுக்கு முன் நிற்கும் பையன்களிடம் கொஞ்ச நாளாக ஒரு கேள்வி அலைகிறது. "ண்ணா, அடிச்சா உடம்புல எத்தனை நாள் இருக்கும்?" எதை அடித்தால் என்று யாரும் விளக்கிக் கேட்பதில்லை. பதில் மட்டும் நாலாபக்கமிருந்தும் வருகிறது. மூணு நாள் போதும் என்கிறான் ஒருவன். ஒரு மாசம் நிற்கும் என்கிறான் இன்னொருவன். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து வெறும் வயிற்றில் குடி, மோர் குடி, மைதானத்தில் நாலு ரவுண்டு ஓடு என்று வைத்தியம் சொல்ல ஆளுக்குக் குறைவில்லை. கேட்கிற பையனுக்கு வியாழக்கிழமை வேலைக்கான 'மெடிக்கல்'. அதில் ஒரு பிளாஸ்டிக் குப்பியை நீட்டுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு தலைமுறையின் கவலை நாட்காட்டிக்குள் சுருங்கிவிட்டதே என்று தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அதற்கு முன் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லிவிடுவோம். பதில் தெரியாமல் தீர்ப்புச் சொல்வதுதான் இந்த விஷயத்தில் எல்லோரும் செய்துகொண்டிருக்கும் தவறு.

வாழ்நாளில் ஒருமுறை கஞ்சா இழுத்துப் பார்த்தவனின் சிறுநீரில் அதன் தடம் பெரும்பாலும் மூன்று நாளுக்குள் மறைகிறது. வாரத்தில் சில நாள் புகைப்பவனுக்கு ஐந்து முதல் ஏழு நாள். தினமும் புகைப்பவனுக்குப் பத்து, பதினைந்து நாள். காலை, மாலை, இரவு என்று ஆண்டுக்கணக்கில் புகைத்தவனுக்கு 30 நாளைத் தாண்டியும் நிற்கும். எச்சிலில் ஓரிரு நாள். தலைமுடியை வெட்டிச் சோதித்தால் ஏறக்குறைய 90 நாள் கதையைச் சொல்லும். கஞ்சாவின் போதைப்பொருளான டி.எச்.சி. கொழுப்பில் கரைவது. சாராயம் நீரில் கரைந்து சில மணி நேரத்தில் வெளியேறிவிடும். டி.எச்.சி.யோ உடம்பின் கொழுப்பில் போய் ஒளிந்துகொண்டு, கந்துவட்டித் தவணைபோலக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. ஆகவே ஒல்லியானவனுக்கு ஒரு கணக்கு, பருமனானவனுக்கு ஒரு கணக்கு. டீக்கடையில் சொல்லப்படும் எந்த நாள் கணக்கும் இன்னொருவன் உடம்புக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

எலுமிச்சம்பழத்துக்கும் மோருக்கும் கொழுப்பில் பதுங்கியதை விரட்டும் சக்தி கிடையாது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தால் சிறுநீர் நீர்த்துப்போகும். அதில் கிரியாட்டினின் அளவு குறைவதை வைத்தே ஆய்வகம் தில்லுமுல்லைக் கண்டுபிடித்துவிடும். ஓடினால் வியர்வையில் போய்விடும் என்பதும் கதை. கொழுப்பு கரையும்போது ரத்தத்தில் டி.எச்.சி. சற்றே கூடுவதை, அடிக்கடி புகைப்பவர்களை சைக்கிள் மிதிக்கவிட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. மைதானத்தைச் சுற்றிவந்த பையன் தனக்கு எதிராகத்தான் ஓடியிருக்கிறான்.

இனி, அந்தக் குப்பி எதைத் தேடுகிறது என்று பார்ப்போம். நம் தீர்ப்பு அதில்தான் நிற்கிறது.

புகை நெஞ்சுக்குள் போன சில நிமிடங்களில் டி.எச்.சி. ரத்தத்தில் உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. கல்லீரல் அதை உடைத்து, கடைசியில் போதை துளியும் இல்லாத ஒரு கழிவாக மாற்றுகிறது. சிறுநீரில் தேடுவது இந்தக் கழிவைத்தான். வழக்கமான முதல்கட்டச் சோதனையில் ஒரு மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம் என்பது வரம்பு. நானோகிராம் என்றால் ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. போதையோ சில மணி நேரத்தில் இறங்கிவிடுகிறது. சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 80 ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் சொன்ன கணக்குப்படி, வண்டி ஓட்டும் திறன் போன்றவை மந்தப்படுவது, எடுத்த அளவையும் விதத்தையும் பொறுத்து, 3 முதல் 10 மணி நேரம். ஞாயிறு இரவு புகைத்தவனுக்குத் திங்கள் பகலுக்குள் போதை போய்விடுகிறது. குப்பி மட்டும் புதன்கிழமையும் அவனைக் காட்டிக்கொடுக்கிறது. அடுப்பு அணைந்து ஆறிய பிறகு சாம்பலை அள்ளிக் காட்டி 'தீ, தீ' என்று கத்துவதற்கும் இதற்கும் அதிகத் தூரமில்லை.

சாம்பல் இருந்தால் தீ இருந்திருக்கத்தானே வேண்டும் என்று தொழிற்சாலை முதலாளி கேட்பார். நியாயமான கேள்வி. அவருடைய பயத்தையும் நாம் எள்ளி நகையாடவில்லை. 1960-களில் எழுந்த அம்பத்தூர் எஸ்டேட்டின் பிரஸ் ஷாப்களில் ஒரு கண்சிமிட்டலுக்கு ஒரு விரல் என்பதுதான் கணக்கு. போதையில் இருப்பவனை பவர் பிரஸ் முன்னாலோ கிரேனிலோ உட்கார வைப்பது அவனுக்கும் அடுத்த மெஷினில் நிற்பவனுக்கும் செய்யும் துரோகம். வேலை நேரத்தில் போதையோடு வந்தவனை வாசலிலேயே திருப்பி அனுப்பு என்றால் இந்த ஏடு கைதட்டும்.

ஆனால் வேலைக்குச் சேரும் நாளில் நீட்டப்படும் குப்பி அதைச் செய்வதில்லை. சேரும் தேதியைத் தெரிந்துகொண்டு பத்து நாள் அடக்கிக்கொண்டவன் உள்ளே போய்விடுகிறான். போன மாதம் நண்பனின் கல்யாணத்துக்கு முந்தின இரவு வரைக்கும் பழக்கமாகப் புகைத்து, அதன்பின் மனம் மாறி விட்டுவிட்டவன் வெளியே நிற்கிறான். உள்ளே வந்தவன் பிறகு என்ன ஆகிறான் என்று யாரும் பார்ப்பதில்லை. இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பதினாறு மணி நேரம் ஓ.டி. பார்த்தவனின் கண் சொக்குவதைக் கண்டுபிடிக்க எந்தக் குப்பியும் கிடையாது. அதைக் கண்டுபிடிக்க ஆசையும் கிடையாது. ஓ.டி. கேட்டது கம்பெனிதானே!

இந்த நாட்டில் விமான ஓட்டிக்கு என்ன விதி என்று எஸ்டேட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? 2022 ஜனவரி 31 முதல், விமானப் பணியாளர்களையும் வான்வழிக் கட்டுப்பாட்டு அலுவலர்களையும் திடீர்ச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்று சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விதி கொண்டுவந்தது. சோதனைப் பட்டியலில் கஞ்சாவும் உண்டு. முதல்கட்டத்தில் சிக்கினால் உடனே வேலையிலிருந்து விலக்கி வைப்பார்கள். ஆனால் அத்துடன் முடிவு கட்டமாட்டார்கள். உறுதிப்படுத்தும் ஆய்வு நடக்கும். அதிலும் உறுதியானால், முதல் தடவை அவரைப் போதை மீட்பு சிகிச்சைக்கு அனுப்புவார்கள். மீண்டு, சோதனையில் தேறி, மருத்துவர் சரி என்றால் மறுபடி பறக்கலாம். இரண்டாவது தடவை பிடிபட்டால்தான் உரிமம் மூன்று ஆண்டு முடக்கம். மூன்றாவது தடவை ரத்து.

நூற்றைம்பது உயிரைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு பறப்பவருக்கு முதல் தவறில் சிகிச்சை. நட்டு முறுக்க வந்த கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு முதல் தவறில், அதுவும் ஒரே ஒரு சோதனை அட்டையில் தெரியும் கோட்டை நம்பி, காண்ட்ராக்டரின் போனில் அவன் நம்பர் 'பிளாக்'. விமான ஓட்டிக்குக் காட்டும் கருணை தப்பு என்று நாம் சொல்லவில்லை, அதுதான் சரி. அதே கருணைக்கு எஸ்டேட் பையன் தகுதியில்லாதவன் என்று யார் முடிவு செய்தது? இந்த இடத்தில் தவறு குப்பியுடையது அல்ல, அதை நீட்டியவருடையது என்று இந்த ஏடு பட்டவர்த்தனமாகச் சொல்கிறது.

அந்த அட்டைக் கோடும் கடவுள் வாக்கில்லை. முதல்கட்டச் சோதனை என்பது வாசலில் நிற்கும் காவலாளி மாதிரி, சந்தேகப்படும், தீர்மானிக்காது. நம் ஊரில் கேஸ் ட்ரபிள் என்றாலே காலையில் வெறும் வயிற்றில் போடும் பான்டோபிரசோல் மாத்திரை இருக்கிறதே, அந்த வகை மருந்து சாப்பிட்டவர்களுக்குக் கஞ்சாச் சோதனை தவறாக 'பாசிட்டிவ்' காட்டிய நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. அந்த மருந்தின் குறிப்புத்தாளிலேயே எச்சரிக்கை உண்டு. நைட் ஷிப்டும் பரோட்டாவும் சேர்ந்து வயிற்றைக் கெடுத்துக்கொண்ட எத்தனை பேர் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள்! கருவி கொண்டு பிரித்தறியும் இரண்டாம் ஆய்வு செய்தால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும். அதற்குப் பணம் ஆகும், நாள் ஆகும். வாசலில் ஆள் வரிசையாக நிற்கும்போது யார் காத்திருப்பார்கள்?

இன்னொரு அநியாயம் நம் கண்ணுக்கே தெரிவதில்லை. எஸ்டேட்டில் இன்று இந்தி பேசும் தொழிலாளிகள் ஏராளம். உத்தரப் பிரதேசத்துக்காரர் ஒருவர் ஹோலிக்கு ஊருக்குப் போகிறார். அங்கே அரசு உரிமம் பெற்ற பாங்கு கடை இருக்கிறது. தண்டாய் பானத்தில் கலந்து குடிக்கிறார். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம் கஞ்சா என்று சொல்வது பூவோ காயோ தாங்கிய நுனிகளைத்தான். தனியாக இருக்கும் இலையையும் விதையையும் அந்த விளக்கத்திலிருந்து விலக்கியிருக்கிறது. பாங்கு இலைச் சரக்கு. அவர் தன் மாநிலத்தின் சட்டப்படி எந்தத் தப்பும் செய்யவில்லை. திரும்பி வந்து அம்பத்தூரில் குப்பியை நீட்டினால், அவர் உடம்பிலிருந்து வருவது பூவிலிருந்து வரும் அதே கழிவு. சட்டம் இலையையும் பூவையும் பிரித்துப் பார்க்கிறது. குப்பிக்கு அந்த விவேகம் இல்லை.

அதைவிடப் பெரிய விபரீதம் ஒன்றிருக்கிறது. பெரும்பாலான போதைகளைவிட அதிக நாள் தங்குவது கஞ்சாவின் தடம். ஹெராயினும் கோகெய்னும் இரண்டு, மூன்று, நான்கு நாளில் சிறுநீரைவிட்டு நீங்கிவிடும். மது மறுநாளே காணாமல் போகும். சனிக்கிழமை இரவு டாஸ்மாக் வாசலில் விழுந்து கிடந்தவன் திங்கட்கிழமை சுத்தமான பிள்ளை. வலி நிவாரண மாத்திரையைப் பொடித்துக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் கொடுமை வடசென்னையிலிருந்து இந்தப் பக்கமும் வந்துவிட்டது. டபென்டடால் போன்ற அந்த மாத்திரைகளை, தனியே குறிப்பிட்டுத் தேடினால் ஒழிய, வழக்கமான சோதனை அட்டை கண்டுகொள்ளாது. குப்பிக்குப் பயந்த பையன் எதை விட்டு எதற்குப் போவான் என்று யோசித்துப் பாருங்கள். புகையை விட்டு ஊசிக்குப் போகிறவனை நாம் 'தேறியவன்' என்று சான்றிதழ் கொடுத்து உள்ளே அனுப்புகிறோம்.

தடத்தையும் போதையையும் பிரிக்க வேண்டும் என்பது நாம் புதிதாகக் கண்டுபிடித்த நியாயம் இல்லை. நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவையே எடுத்துக்கொள்ளலாம். மதுவுக்கு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்று எண் வைத்திருக்கிறது. போதைப்பொருள் என்று வரும்போது எண்ணைச் சொல்லாமல், வண்டியைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்க முடியாத அளவுக்கு அதன் பிடியில் இருந்தானா என்றுதான் கேட்கிறது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2013-இல் கஞ்சாவுக்கான சிறுநீர் வரம்பை 15 நானோகிராமிலிருந்து 150-க்கு உயர்த்தியது. போட்டி நடக்கும் நேரத்தில் எடுத்தவனைப் பிடிப்பதுதான் வேலை, பல நாளுக்கு முன் எடுத்தவனைப் பிடிப்பது வேலையில்லை என்று அதற்கு விளங்கிவிட்டது.

மறுகோடியில் சிங்கப்பூர். கஞ்சா கடத்தலுக்கு உடந்தை என்று தங்கராஜு சுப்பையா என்ற தமிழரை 2023 ஏப்ரல் 26-இல் தூக்கிலிட்ட நாடு அது. குடியுரிமை பெற்றவர் வெளிநாட்டில் போய்ப் புகைத்துவிட்டு வந்தாலும் அங்கே குற்றம். அப்படிப்பட்ட நாடுகூட, சிறுநீரை முதலில் ஒருமுறை பார்த்துவிட்டு, பிறகு இரண்டாகப் பிரித்து இரண்டு வெவ்வேறு ஆய்வாளர்களிடம் தனித்தனியே கொடுத்து, இரண்டும் ஒத்துப்போனால்தான் கை வைக்கிறது. கயிறு வைத்திருப்பவனுக்கு இருக்கிற நிதானம் கான்ட்ராக்ட் ஆபீஸ் மேஜைக்கு இல்லை.

சோதனை செய்யாமலே முத்திரை குத்துவதும் நடக்கிறது. 2021 அக்டோபரில் மும்பைக் கப்பல் வழக்கில் ஆர்யன் கான் உள்ளிட்டோருக்கு ஜாமீன் கொடுத்த பம்பாய் உயர் நீதிமன்றம், அவர்கள் போதைப்பொருள் உட்கொண்டிருந்தார்களா என்று அறிய மருத்துவப் பரிசோதனைகூட நடத்தப்படவில்லை என்பதைக் குறித்துவைத்தது. சோதித்திருந்தால்கூடத் தடம்தான் கிடைத்திருக்கும். அன்று, அந்த இடத்தில் என்ற பதில் கிடைத்திருக்காது. அதற்குள் ஒரு மாதம் நாடே ஆர்யன் கான் பெயரை மென்று துப்பியிருந்தது. அடுத்த மே மாதம் அவர்மேல் குற்றச்சாட்டு இல்லை என்று வழக்குப் போட்ட விசாரணை அமைப்பே விட்டுவிட்டது. சாட்சியத்தைப் பத்திரமாக வைப்பதில் நம் ஊரின் பெருமை வேறு மாதிரி. சென்னையில் 22 கிலோ கஞ்சா பிடித்த வழக்கில், மிச்சத்தையெல்லாம் எலி தின்றுவிட்டது என்று காவல்துறை சொல்ல, 2023 ஜூலையில் சிறப்பு நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட இருவரையும் விடுதலை செய்தது. அந்த எலிகளைச் சோதித்திருந்தால் எத்தனை நாள் தடம் நின்றிருக்குமோ!

சிரித்துவிட்டுக் கடந்துபோக முடியாத இடம் இதுதான். 2021 டிசம்பரில் காவல்துறை தொடங்கிய 'கஞ்சா வேட்டை'யின் அடுத்தடுத்த பாகங்களை நாம் பார்த்துவிட்டோம். 2022 ஜனவரியில் ஆவடிக்கென்று தனிக் காவல் ஆணையரகமும் வந்துவிட்டது. ஆந்திர, ஒடிசா மலைப்பக்கம் விளைகிற சரக்கு ரயிலேறித் தெற்கே வருவது நின்றபாடில்லை. தன்பாத்திலிருந்து ஆலப்புழை போகும் ரயிலில் காட்பாடியிலும் சேலத்திலும் எத்தனையோ தடவை மூட்டை மூட்டையாகப் பிடித்திருக்கிறார்கள். அந்த ரயில் அம்பத்தூரையும் ஆவடியையும் உரசிக்கொண்டுதான் போகிறது. மூட்டையை ஏற்றிவிடும் பெரிய கை பெரும்பாலும் புகைப்பதில்லை. அவனிடம் குப்பியை நீட்டினால் தெளிந்த நீரோடைபோல வரும். பொட்டலம் வாங்கிய பதினெட்டு வயதுப் பையன்தான் எல்லா இடத்திலும் எல்லாச் சோதனையிலும் சிக்குகிறான்.

இவ்வளவையும் சொன்னதால் அந்தப் பையனுக்கு நாம் வக்காலத்து வாங்குவதாக யாரும் மகிழ வேண்டாம். தம்பி, எத்தனை நாளில் போகும் என்று நீ கேட்ட நிமிடமே, செய்வது என்னவென்று உனக்குத் தெரிந்துவிட்டது என்பது எங்களுக்குத் தெரிந்துவிட்டது. மறைக்க நாள் எண்ணுகிறவன் நிறுத்த நாள் எண்ணியிருக்கலாம். ஒருமுறை இழுத்தவனுக்கு மூன்று நாள் கணக்கே போதும். முப்பது நாள் கணக்கு உனக்குத் தேவைப்படுகிறது என்றால், குப்பியைவிடப் பெரிய சிக்கல் உன்னிடம் இருக்கிறது. புகைத்த கையோடு கம்பெனி வேன் ஸ்டீயரிங்கைப் பிடிக்கப் போகிறாய் என்றால், உன்னைத் தடுக்க எந்த விதி வந்தாலும் அதற்கு எங்கள் ஆதரவு உண்டு. வளரும் மூளையில் அது செய்யும் சேதத்தைச் சொல்லும் மருத்துவர்கள் உன்னை மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. மனநோயின் விதை ரத்த வழியில் இருக்கிற வீட்டுப் பிள்ளைகளை அது எப்படித் தள்ளிவிடுகிறது என்பதை அயனாவரம் மனநலக் காப்பகத்து மருத்துவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு அட்டை வாங்கி, பாத்ரூம் வாசலில் மகனை நிற்கவைக்கும் அப்பாக்கள் பெருகிவிட்டார்கள். கோடு தெரிந்தால் அடி, தெரியாவிட்டால் நிம்மதி. இரண்டுமே அவசர முடிவு. கோடு தெரியாத பிள்ளை மாத்திரைக்கு மாறியிருக்கலாம். கோடு தெரிந்த பிள்ளை மூன்று வாரமாக நிறுத்திவிட்டு உங்களிடம் சொல்லத் தைரியமில்லாமல் இருந்திருக்கலாம். மகனிடம் கேட்க வேண்டியதை அட்டையிடம் கேட்டு வளர்த்த வீட்டில், அடுத்த தடவை அவன் பக்கத்து வீட்டுப் பையனின் சிறுநீரைத்தான் கொண்டுவந்து கொடுப்பான்.

பலருக்குத் தெரியாத ஒரு கதவை அதே 1985 சட்டம் திறந்து வைத்திருக்கிறது. கஞ்சா உட்கொண்டதற்கு ஆறு மாதம் வரை சிறையோ பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ என்று 27-ஆம் பிரிவு சொல்கிறது. சிறிய அளவோடு பிடிபட்டவனோ உட்கொண்டவனோ போதைக்கு அடிமையானவனாக இருந்து, தானே முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால், வழக்கிலிருந்து விலக்கு உண்டு என்கிறது 64-ஏ பிரிவு. பாதியில் ஓடிப்போனால் அந்த விலக்கும் போய்விடும். நடுவண் அரசின் இலவச உதவி எண் 14446. தமிழ்நாடு அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரில் மீட்பு மையங்களும் 2025-இல் வந்திருக்கின்றன. எஸ்டேட் கம்பெனிகளின் எத்தனை நோட்டீஸ் போர்டில் அந்த எண் ஒட்டியிருக்கிறது? ஹெல்மெட் அணியாதவருக்கு அனுமதி இல்லை என்ற பலகைக்குப் பக்கத்திலேயே இடம் காலியாக இருக்கிறது.

முதலாளிகள் சங்கத்தாரிடம் நாம் கேட்பது பெரிய காரியம் எதுவுமில்லை. சோதிப்பதானால் முன்கூட்டியே எழுத்தில் சொல்லுங்கள், எதைச் சோதிக்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள். முதல் அட்டையை வைத்து யாரையும் அனுப்பாதீர்கள். உறுதிப்படுத்தும் ஆய்வுக்கான செலவு உங்களுடையது. என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று ஆய்வுக்கு முன்பே கேளுங்கள். உறுதியானால் முதல் தடவை சிகிச்சை, வேலை காத்திருக்கட்டும். முடிவைக் காண்ட்ராக்டர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். அது அவன் உடம்பின் ரகசியம். ஷிப்டுக்கு வரும்போது கண் சிவந்து கால் தள்ளாடுகிறவனை, அது கஞ்சாவானாலும் சாராயமானாலும் தூக்கமின்மையானாலும், அன்றைக்கு மெஷின் பக்கம் விடாதீர்கள். அன்றைய கூலியைப் பிடித்துக்கொள்ளலாமா என்று கேட்பீர்கள். முதல் இரண்டுக்கும் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்றாவதற்கு, நேற்று அவனை இரண்டு ஷிப்ட் நிற்கவைத்த சூப்பர்வைசரின் சம்பளத்தில் பிடியுங்கள்.